மரம் விழுந்த முற்றத்தில் நிலா

நிலாக் காலத்தில் கிராமத்தார் நேரஞ்சென்றே உறங்குவர் என்பது நாம் எல்லோரும் அறிந்த செய்தி. முற்றத்தில் பாயை விரித்துப் பேச்சுத் தொடங்கினால் அது இலகுவில் முடிவதில்லை. நாய்கள் காரணமின்றிக் குரைக்கும். வயல்வெளியில் ஆட்காட்டிக் குருவி கூவியவண்ணமிருக்கும். தொட்டிலிலே கிடக்கும் குழந்தையுங்கூடச் சிணுங்கும். பறுவத்துக்கு முந்திய நாட்களில் உறக்கம் வருவது அருமை என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அதனைப் பழங்கதை என்று தள்ளியவர்கள் பலர்.

இப்பொழுது விஞ்ஞானிகள் அதனைத் திரும்ப எடுத்து ஆராய்கின்றனர். சுவிற்சர்லாந்து தேசத்துப் பாசல் நகரில் 33 பேரைச் சோதனைச் சாலையில் உறங்கச் செய்து பெற்ற அளவீடுகளை ஆராய்ந்து 2013ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. நிலவொளி எட்டாத அறையில் உறங்கியவர்களும் பூரணையை ஒட்டிய நாட்களில் ஏறக்குறைய 20 நிமிடம் குறைவாக உறங்கினர் என்றும், ஆழ்ந்த உறக்கத்தைக் காட்டும் மூளை அலைகள் 30 வீதம் குறைந்தன என்றும் அது கூறியது. அடுத்த ஆண்டிலேயே, அதனினும் பன்மடங்கு கூடிய தொகையினரை ஆராய்ந்த வேறொரு குழுவினர் அப்படி எதனையுங் காணவில்லை என்றனர். ஆகவே ஒரே கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு, “பார்த்தீர்களா, பாட்டி சொன்னது மெய்!” என்று துள்ளிக் குதிப்பது மாணவர்க்கு அழகன்று.

ஆயினும் 2021இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி நம்மூர் அனுபவத்துக்கு மிக நெருங்கியது. ஆர்ஜென்டீனாவில் வாழும் தோபா என்னும் ஆதிக்குடிகளின் உறக்கத்தைக் கையிற் கட்டிய கருவி மூலம் அளந்தனர். அவர்களுள் ஒரு சாரார்க்கு மின்சாரமே கிடையாது. பூரணைக்கு முந்திய மூன்று முதல் ஐந்து இரவுகளில் அவர்கள் பிந்தி உறங்கினர், குறைவாகவும் உறங்கினர். நகரத்து மாணவரிடத்தும் அதே போக்கு ஓரளவு காணப்பட்டது. பூரணைக்குப் பின்னன்றி முன்னர் ஏன்? இதற்கு விடை நம் தமிழிலேயே இருக்கின்றது. முன்னிலா, பின்னிலா என்று இரண்டு சொற்கள் நம்மிடம் உண்டு. வளர்பிறையில் பொழுது சாயும்போதே நிலா வானில் நிற்கும். மாலை வேலைக்கும் ஊர்ப் பேச்சுக்கும் அது விளக்காகும். பூரணை கழிந்தாலோ நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தியே உதிக்கும். அது வரும்போது ஊர் உறங்கிவிடும். உறக்கத்தைக் கெடுப்பது முன்னிலாவே.

நிலவின் ஒளி எவ்வளவு என்று கேட்பீர்களாயின், சூரிய ஒளியின் நான்கு இலட்சத்தில் ஒரு பங்கு என்று கூறலாம். இத்துணைச் சிறிய ஒளியும் இருட்டுக்குப் பழகிய கண்ணுக்குப் பெரிதே. ஆனால் கிராமத்திலே அந்த ஒளி முழுவதும் நம்மீது விழுவதில்லை. வீட்டைச் சூழ மாவும் பலாவும் தென்னையும் வேம்பும் நிற்கின்றன. நிலவை அவை சல்லடையிட்டே உள்ளே விடுகின்றன. முற்றத்து மரம் ஒன்று விழுந்த பின்னரே அது இதுவரை எதனைத் தடுத்து நின்றது என்பது வீட்டாருக்குத் தெரியவரும். எங்கள் அயலில் ஒரு வீட்டின் மேற்குப் புறத்தில் நின்ற பெரிய புளி, மார்கழி மழையில் காற்றே இல்லாத ஓரிரவில் வேரோடு சாய்ந்தது. பல நாள் மழையில் மண் ஊறி இளகினால், புயலை எதிர்த்து நின்ற மரமும் பின்னர் அமைதியான இரவிலே விழுவதுண்டு. அவ்வீட்டு மூதாட்டியார் அடுத்த பறுவத்தன்று, “இத்தனை வருஷத்தில் விடியப்புறத்து நிலா இந்தத் திண்ணைக்கு வந்ததில்லை, தம்பி” என்று எனக்குச் சொன்னார். தம் கட்டிலை அவர் அறைக்குள்ளே மாற்றிக்கொண்டார்.

ஒரு வீட்டுக்கு இப்படியாயின் ஒரு மாவட்டத்துக்கே இப்படி நேர்ந்தால் எப்படி இருக்கும்? 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை நினைத்துப் பாருங்கள். தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். கட்டிடங்கள் இலட்சக்கணக்கில் சேதமுற்றன. மட்டக்களப்பு மாவட்டத்தில் ஏறத்தாழ 28,000 ஏக்கர் தென்னையில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது என்று பதிவாகியுள்ளது. அப்பொழுது தேய்பிறை; அடுத்து வந்த இரவுகள் இருண்டவை. மூன்று வாரங்களின் பின், டிசம்பர் 14இல் பூரணை வந்தது. மார்கழிப் பூரணை நம் நாட்டில் நடுச்சாமத்தில் ஏறக்குறைய உச்சியிலே நிற்கும். கூரையும் இல்லை, ஓலை நிழலும் இல்லை. அந்த நிலாவின் கீழ்ப் படுத்திருந்த தாய்மாருக்கு உறக்கம் வந்திராது என்பதற்கு ஆராய்ச்சி எதுவும் வேண்டியதில்லை. மழைமேகம் அதனை மறைத்திருந்தால் அதுவே அவர்களுக்கு நன்மையாயிருந்திருக்கும்.

அதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்னர், 1964 டிசம்பர் 22இல், வட இலங்கையைக் கடந்து சென்று அன்றிரவே தனுஷ்கோடியை அழித்த புயல், பூரணை கழிந்து மூன்றாம் நாள் வந்தது. அதனை நேரிற் கண்ட முதியோர் இன்னும் நம்மிடையே உளர். பிள்ளைகள் அவர்களிடம் கேட்டு எழுதி வைத்தல் நன்று.

மரங்கள் எல்லாம் ஒரே விதமாய் விழுவதில்லை. வேம்பும் புளியும் தலைப்பாரம் உடையன. அடர்ந்த தலை காற்றைப் பாயைப்போல் ஏற்று, வேரோடு மண்ணைப் பெயர்த்துக்கொண்டு சாயும். முருங்கைக்கோ புயலே வேண்டியதில்லை. பலத்த காற்று ஒன்று போதும். தென்னைக்கு ஆணிவேர் இல்லை. சல்லிவேர்களே அதனைப் பிடித்து நிற்கின்றன. ஆயினும் சாய்ந்த தென்னையின் வேரிற் சிறு பங்கு மண்ணிலே நின்று, குருத்தும் முறியாதிருந்தால், அது நுனியை மேல்நோக்கி வளைத்துக்கொண்டு பல ஆண்டு காய்க்கும். கடற்கரையோரம் பாம்புபோல் வளைந்து நிற்கும் தென்னைகளை மாணவர்கள் கண்டிருப்பர். குருத்து முறிந்தால் முடிந்தது. பனைக்கும் அவ்வாறே, வேம்பைப்போல் பக்கக் கிளை விட்டுத் தழைக்க அவற்றால் இயலாது. போர்க் காலத்தில் எறிகணை பட்டுத் தலை இழந்த பனைகள் வடக்கில் வரிசை வரிசையாய் நின்றதைக் கண்டவர்கள், நிலாவிலே அவற்றைக் கண்டு நடுங்கியிருப்பார்கள். ஓலை அசையாது, நிழலுக்குத் தலை இராது. பதுங்குகுழிகளுக்காக வெட்டப்பட்டவையோ எண்ணிறந்தன.

விழுந்த மரத்தை என்ன செய்வது என்பதிலும் நிலா குறுக்கிடுகின்றது. தேய்பிறையிலே தறித்த மரத்தை உளு அரிக்காது என்பது நம் தச்சர்களின் துணிபு, மூங்கிலுக்கும் அப்படியே. உளுவை அழைப்பது மரத்திலுள்ள மாப்பொருள் என்பது உண்மை. அம்மாப்பொருள் பிறைக்கேற்ப ஏறி இறங்குகின்றதா என்பது இன்னும் முடிந்த முடிபாகவில்லை. சுவிற்சர்லாந்தில் தளிரி, கஷ்கொட்டை மரங்களைப் பல திகதிகளில் தறித்துப் பார்த்தபோது, உலரும் விதத்தில் பிறையோடு ஒத்துச் செல்லும் சிறு வேறுபாடுகள் காணப்பட்டனவாம். நிற்க, புயல் பிறை பார்த்து மரம் வீழ்த்துவதில்லை. வளர்பிறையில் விழுந்ததை என்செய்வது? நம் முன்னோர் அதனை வீசிவிடவில்லை; நீரிலே பல நாள் ஊறவிட்டனர். மாப்பொருள் கரைந்து போக அதுவும் ஒரு வழியே. பிறை பார்ப்பதிலும் இது நம்பத்தக்க முறை என்பது என் கருத்து.

முதிர்ந்த பனையாயின் புறத்தே வைரம் பாய்ந்திருக்கும்; அதிலிருந்து வளையும் சிலாகையும் கிடைக்கும். உள்ளே உள்ள சோற்றியைத் தோண்டி எடுத்தால் நீர் ஓடும் பீலியாகும். மகளின் வீட்டுக் கூரைக்கென்று தகப்பன் குறித்துவைத்த பனைகள் எத்தனையோ! அம்மரம் அயல் வளவுக்குள் விழுந்துவிட்டால் வழக்கும் அங்கேயே முளைக்கும். வேர் ஒருவர் காணியில், தலை மற்றவர் காணியில், நடுவே நசுங்கிய வேலி. வேலியை யார் அடைப்பது, மரம் யாருக்கு என்று மூன்று தலைமுறை பேசாதிருந்த குடும்பங்களை நான் அறிவேன். இரு வீட்டாருக்கும் பொதுவான ஒரு பெரியவர் வந்து, ஓலையும் விறகும் அயலாருக்கு, அடிமரம் உடையவருக்கு, வேலி இருவருக்கும் என்று தீர்த்துவைத்தால் அன்றே முடியும். அத்தகைய பெரியவர்கள் குறைந்துவிட்டனர், சட்டத்தரணிமார் பெருகிவிட்டனர்.

வேலி என்றவுடன் ஒன்று நினைவுக்கு வருகின்றது. பூவரசு, கிளுவை, முருங்கை ஆகியன விழுந்தால் அவற்றின் கிளைகளை உடனே தறித்துக் கதியாலாக நட்டுவிடல் வேண்டும். ஈரம் இருக்கும்வரை அவை தளிர்க்கும். வேம்பு அடியோடு பெயராமல் முறிந்திருப்பின், அடிமரத்தைக் கிண்டி எடுக்க அவசரப்படாதீர்கள். அதிலிருந்து புதுக்கிளை எழும். தென்னம்பிள்ளை வைத்தால் ஆறேழு ஆண்டில் பாளை காணலாம். பனங்கொட்டையோ ஆவணியிலே விழும் பழத்திலிருந்து இனாமாகக் கிடைப்பது. மாரி தொடங்குமுன் புதைத்தால் போதும். முதலில் முளை மண்ணுக்குள் கீழ்நோக்கியே இறங்கும். வடலியாகி வளர்ந்து பழம் தருவதற்கு ஏறக்குறைய பதினைந்து முதல் இருபது ஆண்டுகள் செல்லும். புளி விழுந்த அவ்வீட்டு மூதாட்டியார் அக்குழியிலே இரண்டு பனங்கொட்டையும் ஒரு வேப்பங்கன்றும் வைப்பித்திருக்கின்றார். அவருக்கு இப்பொழுது வயது எண்பத்தொன்று.