சுரங்கம் மூடிய ஊர்களின் அரசியல்: ஐரோப்பாவின் அவநம்பிக்கையும் கோலார் தங்க வயலும்

ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு 2024 ஜூனில் நடைபெற்ற தேர்தலில், பிரான்ஸில் மரீன் லெ பென்னின் தேசியப் பேரணிக் கட்சி 31 சதவீதத்துக்கும் அதிகமான வாக்குகளுடன் முதலிடம் பிடித்தது. ஜெர்மனியில் 'ஜெர்மனிக்கான மாற்று' கட்சி இரண்டாமிடம் பெற்றது. முடிவுகள் தெரியவந்த இரவிலேயே பிரான்ஸ் அதிபர் மேக்ரான் தேசிய அவையைக் கலைத்தார். ஐரோப்பிய ஒன்றியத்தின் மீதான அவநம்பிக்கை ஏன் இவ்வாறு வளர்கிறது? மூடப்பட்ட சுரங்கங்களும் ஆலைகளும் நிறைந்த ஊர்களில் இதற்கான விடையின் ஒரு பகுதி உள்ளது. கர்நாடகத்தின் கோலார் தங்க வயலுக்கும் இந்தக் கதை அந்நியமானதல்ல.

வெகுஜனவாதம் என்பது என்ன?

நேர்மையான சாமானிய மக்கள் ஒருபுறம், அவர்களை மறந்த மேல்தட்டினர் மறுபுறம் என்று சமூகத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டும் அரசியலே வெகுஜனவாதம். இதற்கு இடதுசாரி, வலதுசாரி என்ற பேதம் இல்லை. ஐரோப்பாவில் அந்த 'மேல்தட்டு' என்பதற்கு எளிதில் கிடைத்த முகவரி பிரஸ்ஸல்ஸ். வணிகம், போட்டி, அரசு மானியம் குறித்த பல விதிகள் அங்குதான் முடிவாகின்றன. அவற்றுக்கு அங்கே ஒப்புதல் அளிக்கும் தேசிய அரசுகளே, ஊர் திரும்பியதும் பிரஸ்ஸல்ஸ் மீது பழி சுமத்துவதும் உண்டு.

நிதி வந்தது, நம்பிக்கை வரவில்லை

தெற்கு வேல்ஸில் உள்ள எப்பு வேல் நகரின் உருக்காலை 2002-இல் மூடப்பட்டது. அப்பகுதியின் நிலக்கரிச் சுரங்கங்கள் அதற்கு முன்பே ஓய்ந்திருந்தன. மறுசீரமைப்புக்காக ஐரோப்பிய ஒன்றியம் பெருமளவில் நிதி வழங்கியது. ஆனாலும் 2016 ஜூன் 23 பொதுவாக்கெடுப்பில், அந்நகரம் அடங்கிய பிளைனை குவென்ட் பகுதியில் 62 சதவீதத்தினர் ஒன்றியத்தைவிட்டு வெளியேற வாக்களித்தனர். பிரிட்டன் முழுவதிலும் இது 51.9 சதவீதமாகவே இருந்தது. பிரான்ஸின் வடக்கே, பழைய நிலக்கரிப் பகுதியில் உள்ள ஏனான்-போமோன் நகராட்சியை 2014-இல் லெ பென்னின் கட்சி கைப்பற்றியது.

சாலைகளையும் கட்டடங்களையும் நிதியால் எழுப்ப முடிந்தது. தொழிற்சங்கம், நிலையான வேலை, ஊரின் பெருமை ஆகியவற்றை அதனால் மீட்க முடியவில்லை. அந்த வெற்றிடத்தில்தான், 'அதிகாரத்தைத் திரும்பப் பெறுவோம்' என்ற முழக்கம் எடுபட்டது.

மைசூர் மைன்ஸின் அனுபவம்

கோலார் தங்க வயலின் முக்கியச் சுரங்கங்களுள் ஒன்று மைசூர் மைன்ஸ். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கு பணியைத் தொடங்கிய பின், வட ஆர்க்காடு உள்ளிட்ட பகுதிகளிலிருந்து தமிழ் பேசும் தொழிலாளர்கள், குறிப்பாகத் தலித் மக்கள், பெருந்திரளாகக் குடியேறினர். ஒரு காலத்தில் 30,000-க்கும் மேற்பட்டோர் இங்கு பணிபுரிந்தனர். 1956-இல் மைசூர் அரசும், 1962-இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. நஷ்டம் பெருகியதைக் காரணம் காட்டி 2001-இல் அது மூடப்பட்டது.

அதன் பிறகு, மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில்களில் தினமும் பெங்களூருக்கு வேலை தேடிச் செல்வது பல குடும்பங்களின் வாழ்க்கையாகிவிட்டது. நிலுவைத் தொகையும் லைன் வீடுகளின் உரிமையும் பல ஆண்டுகள் கோரிக்கைகளாகவே நீடித்தன.

இங்கும் அரசியல் மாறியது. சட்டப்பேரவைத் தொகுதியில் 1999-இல் அ.தி.மு.க.வும் 2004-இல் இந்தியக் குடியரசுக் கட்சியும் வென்றன. 2008, 2013 தேர்தல்களில் பா.ஜ.க.வும், 2018, 2023 தேர்தல்களில் காங்கிரஸும் வெற்றி பெற்றன. தொகுதி மறுசீரமைப்பில் எல்லைகள் மாறியதும் இதற்கு ஒரு காரணம். ஆயினும், சுரங்கமும் சங்கமும் வளர்த்த தனித்த அரசியல் அடையாளம் தேய்ந்ததை மறுக்க இயலாது.

ஒரே காயம், எதிரெதிர்க் கோரிக்கை

வேல்ஸ் வாக்காளர்கள் தொலைதூர அதிகாரத்தை விலகச் சொன்னார்கள். தங்க வயலின் முன்னாள் தொழிலாளர்களோ, தொலைவில் உள்ள டெல்லி திரும்பி வந்து பொறுப்பேற்க வேண்டும் என்றே கோரினர்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. பிரஸ்ஸல்ஸ் எந்த வேல்ஸ் தொழிலாளிக்கும் நேரடியாகக் கூலி கொடுத்ததில்லை. தங்க வயலிலோ மத்திய அரசே முதலாளி. மேலும், ஒன்றியத்தை விட்டு விலகினால் திரும்பிச் செல்ல பிரிட்டனுக்குத் தனி அரசு இருந்தது. மாநிலத்தில் மொழிச் சிறுபான்மையினராக உள்ள தங்க வயல் தமிழருக்கு, அப்படித் திரும்பிச் செல்ல வேறோர் அரசு இல்லை.

பிரிட்டன் வெளியேறியபோது ஏற்பட்ட சிக்கல்களைக் கண்ட ஐரோப்பியக் கட்சிகள் பலவும் இப்போது வெளியேற்றம் பற்றி அதிகம் பேசுவதில்லை. லெ பென்னும் 2017 தேர்தல் தோல்விக்குப் பின் அந்த முழக்கத்தைக் கைவிட்டார். ஒன்றியத்துக்குள் இருந்தே அதன் அதிகாரத்தைக் குறைப்பதே அவர்களின் இன்றைய இலக்கு. ஆனால் அந்த வாக்குகளுக்குப் பின்னுள்ள கேள்வி அப்படியே உள்ளது: ஒரு தொழிலை மூட முடிவெடுப்பவர்கள், அதை நம்பி வாழ்ந்த ஊருக்கு யார் மூலம், எப்போது பதில் சொல்வார்கள்? அந்தப் பதில் கிடைக்காத வரை, எப்பு வேலிலும் மைசூர் மைன்ஸிலும் தலைநகரின் வாக்குறுதிகள் ஐயத்துடனேயே கேட்கப்படும்.