முகம் பார்த்து இளகும் மனசு

கையில் ஐந்து டாலரைக் கொடுத்து, இதில் எவ்வளவு தானம் செய்வீர்கள் என்று கேட்டால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2007-இல் வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு ஆப்பிரிக்கப் பட்டினி பற்றிய புள்ளிவிவரம். இன்னொரு குழுவுக்கு மாலி நாட்டின் ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியின் படமும் கதையும். புள்ளிவிவரத்துக்குச் சராசரியாக 1.14 டாலர் கிடைத்தது, ரோக்கியாவுக்கு 2.38. இரண்டையும் சேர்த்துக் காட்டினால் இன்னும் கூடும் என்றுதானே நினைப்போம்? 1.43 ஆகக் குறைந்தது.

கொடுப்பது மூளைக்கு இனிக்கவும் செய்கிறது. பணம் வாங்கும்போது சுறுசுறுப்பாகும் மூளைப் பகுதிகள், நன்கொடை தர முடிவெடுக்கும்போதும் அப்படியே ஆகின்றன என்று 2006-இல் ஒரு ஸ்கேன் ஆய்வு காட்டியது. கவனியுங்கள், முடிவெடுக்கும்போதே. பணம் நோயாளிக் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்ததா, எத்தனின் கணக்குக்குப் போனதா என்று அந்த இன்பம் காத்திருப்பதில்லை.

போலி அறக்கட்டளைக்காரர்கள் இந்த ஆய்வுகளைப் படித்திருக்க மாட்டார்கள். ஆனால் பாடம் தெரியும். வேறெங்கோ எடுத்த குழந்தையின் படம், 'இன்று மாலைக்குள் ஆபரேஷன்' என்ற அவசரம், கீழே ஒரு க்யூஆர் கோடு. 2020-இல் கொரோனா நிவாரணத்துக்காகப் பிரதமரின் பிஎம் கேர்ஸ் நிதி அறிவிக்கப்பட்ட சில நாட்களுக்குள், அதன் யுபிஐ முகவரியில் ஓர் 's' எழுத்தை மட்டும் விட்டுவிட்டு ஒரு போலி முகவரி கிளம்பியது. இரக்கத்தில் இருக்கும் கண்ணுக்கு ஓர் எழுத்து எங்கே தெரியப்போகிறது?

அப்படியானால் யோசித்துக் கொடுத்தால் போதுமே என்பீர்கள். அங்கேயும் ஒரு சிக்கல். ஒரு முகத்துக்கு மட்டும் அதிகம் இளகுகிறோம் என்று முன்கூட்டியே விளக்கிச் சொன்னபோது, ஸ்மால் குழுவின் ஆய்வில் சிறுமிக்கான தொகை குறைந்தது; பட்டினி கிடந்த மற்றவர்களுக்கான தொகை கூடவில்லை. அறிவு கஞ்சத்தனத்தில் போய் முடிந்தது.

எனக்குப் படும் வழி, வேலையைப் பிரித்துக்கொள்வது. எவ்வளவு என்பதை மனசு இளகிய நேரத்திலேயே முடிவு செய்து, தொகையை எழுதி வைத்துவிடலாம். யாரிடம் என்பதை ஒரு நாள் தள்ளிப் போடலாம். மோசடிக்காரனுக்கு ஆகாதது இந்த ஒரு நாள்தான். அதற்குள் படத்தைக் கூகுளில் தேடிப் பார்க்கலாம். சிகிச்சை என்றால் மருத்துவமனைக்கு, அதுவும் நீங்களே தேடி எடுத்த எண்ணில், பேசி அங்கேயே நேராகக் கட்டலாம். பணம் அனுப்புமுன் யுபிஐ செயலி காட்டும் பெயர் அறக்கட்டளையுடையதா, தனிநபருடையதா என்று பார்க்கலாம். நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் அமைப்பின் பதிவைத் தேடலாம். பதிவு இருப்பது நேர்மைக்குச் சான்றாகிவிடாது. ஆண்டுக் கணக்கைக் கேளுங்கள். நல்ல அமைப்பு கோபித்துக்கொள்ளாது. ரொக்கமாகத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் விட்டுவிடுங்கள்.

ஏமாந்துவிட்டீர்களா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் கணக்கு மாறிக் கரைவதற்குள் தகவல் போனால்தான் வங்கியால் அதை முடக்க முடியும்.