வாத்துக்கு வழுக்கை விழுந்தால்...

கொல்லைப்புறத்தில் நாலு வாத்து வளர்க்கிறீர்களா? ஒன்றுக்கு மட்டும் பிடரியில் இறகு கொட்டி, தோல் சிவந்திருக்கிறதா? உடனே சொறி என்று முடிவு கட்டாதீர்கள். குற்றவாளி பெரும்பாலும் ஆண் வாத்துதான்! இணை சேரும்போது அலகால் அங்கேதான் கவ்விப் பிடிக்கும். ஐந்து பெட்டைக்கு ஒரு ஆண் போதும். அதிகமானால், பாவம், பெட்டையின் பிடரி புண்ணாகிவிடும்.

முதுகிலும் வாலடியிலும் ரத்தமா? இட நெருக்கடி! முளைத்து வரும் குருத்து இறகுக்குள் ரத்தம் ஓடும். ஒன்று கொத்தினால், சிவப்பைப் பார்த்து மற்றதும் கொத்த வந்துவிடும். (மின்சார ரயில் கூட்டமே தேவலை!) அடிபட்டதை முதலில் தனியாக விடுங்கள்.

தேங்காய் எண்ணெய் தடவலாமா? ஐயோ, வேண்டாம் சார்! வாலடியில் அதற்குச் சொந்தமாகவே எண்ணெய்ச் சுரப்பி உண்டு. நம்ம எண்ணெய் பட்டால் இறகு ஒட்டிக்கொண்டு, தண்ணீர் உள்ளே இறங்கி, வாத்து குளிரில் நடுங்கும். தலை முங்குகிற மாதிரி ஒரு தொட்டித் தண்ணீர் வையுங்கள். புண் ஆறவில்லையென்றால், கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.