துப்புரவு நாளில் கிடைத்த கட்டுரை

1982-ன் கடைசி நாள். ஜப்பானின் அசாஹி கசெய் நிறுவன ஆய்வகத்தில் ஆண்டிறுதித் துப்புரவு முடிந்துவிட்டது. பிற்பகலில் வேலை இல்லை. படிக்க நேரமில்லாமல் சேர்ந்துபோன கட்டுரைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார் அகிரா யோஷினோ. அவர் உருவாக்கிக்கொண்டிருந்த பேட்டரியின் எதிர்மின்முனைக்குப் பாலிஅசிட்டிலின் கையில் இருந்தது. ஆனால் அதில் லித்தியம் கிடையாது. லித்தியத்தை உள்ளே வைத்திருக்கும் நேர்மின்முனை ஒன்று வேண்டும். அது அந்தக் குவியலிலேயே கிடந்தது: லித்தியம் கோபால்ட் ஆக்சைடு பற்றி ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் குழு 1980-ல் எழுதிய ஏழு பக்கக் கட்டுரை.

ஆய்வறிவு இப்படித்தான் ஊர்விட்டு ஊர் போகிறது. போன தடம், ஒவ்வொரு கட்டுரையின் கடைசியிலும் இருக்கும் மேற்கோள் பட்டியலில் விழுகிறது. யாரிடம் கடன் வாங்கினோம் என்ற கணக்கு அது. யூஜின் கார்ஃபீல்டு 1964-ல் அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டார்: ஒரு கட்டுரையைப் பின்னால் யார் யார் எடுத்தாண்டார்கள் என்று காட்டும் அட்டவணை. மறு ஆண்டே டெரெக் பிரைஸ் அதை ஒரு வலையாகப் பார்த்தார். கட்டுரை புள்ளி, மேற்கோள் கோடு, கிட்டத்தட்ட கோலம்தான்.

கோலத்தில் சிக்கல் அதிகமானால்? 1989-ல் ஹம்மன், டோரியன் இருவரும் ஒரு வழி சொன்னார்கள். ஒற்றையடிப் பாதைகளை விட்டுவிட்டு, அதிக வழிகள் கடந்துபோகும் கோடுகளை மட்டும் பிடித்துப் போவது.

அப்படி, மின்சார வண்டிகளின் பேட்டரிகளில் இன்று பரவலாக உள்ள நேர்மின்முனைப் பொருளான லித்தியம் இரும்பு பாஸ்பேட்டைப் பின்தொடர்ந்தால் 1997-ல் குட்இனஃப் குழு எழுதிய கட்டுரைக்குப் போகலாம். அதன் வேர் இன்னும் பின்னால். இரும்போடு சல்பேட் சேர்ந்தால், வெறும் ஆக்சைடைவிட மின்னழுத்தம் கூடுகிறது என்று 1980-களின் இறுதியில் குட்இனஃபுடன் சேர்ந்து கண்டவர் ஆறுமுகம் மந்திரம். தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்றவர். 2019-ல் 97 வயது குட்இனஃபுக்காக ஸ்டாக்ஹோமில் நோபல் உரை ஆற்றியவரும் அவரே.

ஆனால் இந்த மேற்கோள் வரைபடத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. புதுப் பொருள் எதையும் அறிவிக்காத ஆய்வுத் தொகுப்புகள்தான் பல நேரம் பெரிய புள்ளிகளாக வீங்குகின்றன. லித்தியம் பேட்டரிகள் பற்றி 2001-ல் டராஸ்கான், அர்மாண்ட் இருவரும் எழுதியது அப்படிப்பட்டது. யோஷினோவின் பேட்டரியோ 1985-ல் காப்புரிமையாகப் பதிவானது. ஆய்விதழ்களை மட்டும் வைத்து வரைந்தால், 1980 கட்டுரைக்கும் 1991-ல் சோனி விற்ற பேட்டரிக்கும் நடுவே அந்தப் படி விடுபட்டுப்போகும். காப்புரிமைகளும் பழைய கட்டுரைகளைக் குறிப்பிடுவதால் அவற்றையும் சேர்த்து வரைகிறார்கள்.

அந்தத் துப்புரவு நாள் பிற்பகல் மட்டும் எந்தக் கோட்டிலும் இல்லை. யோஷினோவே பின்னாளில் சொன்னதால் தெரியவந்தது.