நிதி மந்திரியின் இல்லமும் நாட்டின் கஜானாவும்

2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் தேதி, பிரிட்டனில் தேசியக் காப்பீட்டுச் சந்தா 1.25 சதவீதப் புள்ளி உயர்ந்து, எரிவாயுக் கட்டணமும் மின்கட்டணமும் ஏறிச் சாமானியக் குடும்பங்கள் திணறிக்கொண்டிருந்த அந்த வேளையிலேதான், அவ்வுயர்வை விதித்த நிதி மந்திரி ரிஷி சுனக்கின் பாரியையான அக்ஷதா மூர்த்தி 'நான்-டாம்' அந்தஸ்தில் இருக்கிறார் என்ற செய்தி வெளியாயிற்று.

பிரிட்டனிலே வசித்தாலும் தமது நிரந்தர வாசஸ்தலம் அயல்நாடே என்று கொள்ளப்படுவோர், வெளிநாட்டு வருமானத்தில் உள்ளே கொண்டுவரும் தொகைக்கு மட்டும் வரி செலுத்தினால் போதும் என்பதும், சில வருஷங்கள் வசித்த பிறகு இந்தச் சலுகைக்கு ஆண்டொன்றுக்கு 30,000 பவுன் கட்டவேண்டும் என்பதும் அப்போதைய அந்நாட்டு விதி. இன்போசிஸ் ஸ்தாபகர் நாராயண மூர்த்தியின் புதல்வியான அவருக்கு அக்கம்பெனியில் ஒரு சதவீதத்துக்குச் சற்றே குறைவான பங்குகள் அப்போது இருந்தன. அவற்றின் லாபப் பங்கோ கோடிக்கணக்கில் வருவது.

அவர் இந்தியப் பிரஜை, இந்தியாவோ இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை என்று அவர் தரப்பில் முதலில் சமாதானம் சொல்லப்பட்டது. பிரஜாவுரிமை வேறு, வாசஸ்தலம் வேறு என்றும், இச்சலுகை தானாக வந்து சேருவதன்று, வரிப் படிவத்தில் கேட்டுப் பெறவேண்டியது என்றும் வரி நிபுணர்கள் எடுத்துக்காட்டவே, அந்தச் சமாதானம் எடுபடவில்லை. மனைவியின் தனிச் சொத்துக்குக் கணவனைப் பொறுப்பாக்குவது நியாயமா என்று கேட்டோரும் இருந்தனர், கேள்வி அற்பமானதன்று. ஆயினும், ஊராருக்கெல்லாம் வரி விதிக்கும் கை எந்த வீட்டில் உண்டு உறங்குகிறதோ, அந்த வீட்டுக் கணக்கை ஊரார் எட்டிப் பார்ப்பதைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏப்ரல் 8-ஆம் தேதி, உலகெங்குமுள்ள தமது வருமானத்துக்கும் இனிப் பிரிட்டனிலேயே வரி செலுத்துவதாக அம்மையார் அறிவித்தார்.

சுனக்கோ, அமெரிக்காவில் நிரந்தரமாக வசிப்போருக்குரிய கிரீன் கார்டை, நிதி மந்திரியான பின்னும் 2021 அக்டோபர் வரை வைத்திருந்தார். மந்திரிகளின் நடத்தை விதிகளை அவர் மீறவில்லை என்று பிரதமரின் ஆலோசகர் கெய்ட் பிரபு தீர்ப்பளித்ததும் உண்மையே.

இவ்விவகாரம் அந்நாட்டுக்குப் புதிதுமன்று. சுனக்கின் கன்சர்வேடிவ் கட்சிக்கு நன்கொடைகளை வாரி வழங்கிய ஆஷ்கிராப்ட் பிரபு, தாமும் நான்-டாம் என்று 2010-இல் ஒப்புக்கொண்டார். பார்லிமெண்டில் அமர்வோருக்கு இந்த அந்தஸ்து ஆகாதென்று அவ்வருஷமே சட்டம் செய்யப்பட்டபோது, சலுகையை விடுவதைக் காட்டிலும் பிரபுக்கள் சபையை விடுவதே மேலென்று ஐந்து பேர் வெளியேறினர். அங்கத்தினரின் வாழ்க்கைத் துணையைப் பற்றி அச்சட்டம் வாய் திறக்கவில்லை.

முடிவில், இச்சலுகையை ஒழிக்கப்போவதாக 2024 மார்ச் பட்ஜெட்டில் பிரகடனம் செய்தது, அதற்குள் பிரதமராகிவிட்டிருந்த, தேர்தலை எதிர்நோக்கி நின்ற சுனக்கின் சர்க்காரேதான். 2025 ஏப்ரலில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்ததோ, அத்தேர்தலில் அவரைத் தோற்கடித்த தொழிற்கட்சி.