பங்காளி ரொட்டியும் இறைச்சி உருண்டையும்



பினாங்குக்குப் போய்வரும் நம்மவர்கள் வீடு திரும்பும்போது கையில் வாங்கி வரும் பொருள்களுள் ரொட்டியும் ஒன்று. மேற்புறம் பழுப்பேறி, உள்ளே மெத்தென்றிருக்கும் அந்தப் பெரிய ரொட்டியை ‘ரொட்டி பெங்காலி’ என்று எல்லா இனத்தாரும் அழைக்கின்றனர். வங்காளத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நாம் கேட்பதுண்டு. ஜார்ஜ் டவுனில் இதைச் சுட்டு விற்றவர்கள் தமிழ் முஸ்லிம்கள். ரொட்டிக்கூடத்தில் வேலை செய்தவர்களுக்கும் அத்தொழிலில் பங்கு தரப்பட்டது என்றும், ஆகவே அது ‘பங்காளி ரொட்டி’ ஆயிற்று என்றும், அச்சொல்லே மருவிப் ‘பெங்காலி’ ஆனதென்றும் அங்கே ஒரு விளக்கம் சொல்வார்கள். பங்காளி என்றாலே வரப்புச் சண்டைதான் நமக்கு நினைவுக்கு வரும். இலாபத்தையும் ரொட்டியையும் சேர்ந்து பகிர்ந்துகொண்ட பங்காளிகளும் இருந்தார்கள் என்பது கேட்க இனிமையாக இருக்கிறது அல்லவா?

இந்த ரொட்டியை நாம் பெரும்பாலும் குழம்பில் தோய்த்தே உண்கிறோம். இன்று வேறொரு வழியைப் பார்ப்போம். கொத்திய இறைச்சியை உருண்டையாக்கி, தக்காளிச் சாற்றில் வேகவைத்து, ரொட்டியின் நடுவே வைத்து உண்பது இத்தாலியர் வழி. சரியாகச் சொன்னால், அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன இத்தாலியரின் வழி. 1880-க்கும் 1920-க்கும் இடையில் ஏறத்தாழ 40 இலட்சம் இத்தாலியர் அங்கே குடியேறினர். பெரும்பாலோர் தென் இத்தாலியின் ஏழைக் குடியானவர்கள். சொந்த ஊரில் இறைச்சி அவர்களுக்கு அரிய பொருள். அங்கே உருண்டை சிறிதாக இருக்கும். அதைத் தனியாகவே உண்பார்கள். கூலி வேலைக்குப் போன நாட்டில் இறைச்சி மலிவாகக் கிடைக்கவே, உருண்டை பெரிதாயிற்று. கையில் பிடித்துத் தின்ன வசதியாக ரொட்டிக்குள்ளும் புகுந்தது. கடல் கடந்து வந்து பால் மரம் சீவியவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு இந்தக் கதை புதியதன்று.

இந்த உணவின் சிறப்பு, கொஞ்சம் இறைச்சியைக் கொண்டு பலர் வயிற்றை நிரப்புவதுதான். அரைக் கிலோ ஆட்டிறைச்சியைக் குழம்பு வைத்தால், எலும்பு போக, ஆறு பேருக்கு எத்தனை துண்டு வரும்? தாய்க்குச் சாறுதான் மிஞ்சும். அதே அரைக் கிலோவை எலும்பில்லாமல் கொத்தி வாங்கினால் 18 உருண்டைகள் பிடிக்கலாம். ஆளுக்கு மூன்று, தாய்க்கும் மூன்று.

முந்தின நாள் ரொட்டி 100 கிராம் அளவு எடுத்து, ஓரத்தை நீக்கி, அரைக் கோப்பைப் பாலில் ஊறவிட்டுப் பிசையுங்கள். இதை வெறும் கலப்படம் என்று எண்ணக்கூடாது. இறைச்சியிலுள்ள புரதம் சூடுபட்டால் சுருங்கி, நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். ரொட்டியின் மாவுச்சத்து அந்த நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதோடு, புரதம் இறுகிக் கட்டியாவதையும் தடுக்கிறது. நம் பாட்டிமார் கோலா உருண்டைக்குப் பொட்டுக்கடலை மாவு சேர்த்தார்களே, அதுவும் இதே வேலையைத்தான் செய்தது. அவர்களுக்கு யாரும் இரசாயனம் கற்பிக்கவில்லை.

பிசைந்த ரொட்டியுடன் கொத்திறைச்சி, ஒரு முட்டை, பொடியாக நறுக்கிய வெங்காயம், இரண்டு பல் பூண்டு, ஒரு தேக்கரண்டி உப்பு, மிளகுத்தூள், கொத்தமல்லித் தழை ஆகியவற்றைச் சேருங்கள். விரல் நுனியால் கலந்தால் போதும். சப்பாத்தி மாவு போல அழுத்திப் பிசைந்தால் உருண்டை இரப்பராகிவிடும். சிறிய எலுமிச்சை அளவில் உருட்டி, கொஞ்சம் எண்ணெயில் புறம் சிவக்கப் பொரித்து எடுத்து வையுங்கள். அந்தச் சிவந்த மேல்தோலில்தான் மணம் இருக்கிறது.

அதே சட்டியில் ஒரு வெங்காயமும் பூண்டும் வதக்கி, நன்கு பழுத்த தக்காளி ஆறேழு நறுக்கிப் போட்டு, உப்பும் ஒரு சிட்டிகைச் சீனியும் சேர்த்துக் குழையவிடுங்கள். கேமரன் மலைத் தக்காளி இதற்கு நன்றாக இருக்கும். இத்தாலியர் இதில் போடும் தழை நம் துளசியின் இனத்தைச் சேர்ந்தது. கிடைக்காவிட்டால் கொத்தமல்லி போதும். தக்காளி அமெரிக்கக் கண்டத்துச் செடி. 16ஆம் நூற்றாண்டில்தான் ஐரோப்பாவுக்கு வந்தது. நம் மிளகாயும் அங்கிருந்து வந்ததுதான். ஆகவே ஒரு மிளகாயைக் கிள்ளிப் போட்டாலும் குற்றமில்லை. உருண்டைகளைச் சாற்றில் இட்டு, மூடி, சிறு தீயில் 25 நிமிடம் வேகவிடுங்கள்.

வேகவைப்பதில் அவசரம் கூடாது. முழுத் துண்டு இறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். சூடு பட்டதும் மடிந்துவிடும். கொத்தும்போதோ மேலே இருந்தவை உள்ளே கலந்துவிடுகின்றன. ஆகவே உருண்டையின் நடுப்பகுதியும் 71 பாகைச் சூட்டை அடையவேண்டும், கோழியானால் 74. நம் வீடுகளில் அதற்கான வெப்பமானி இருப்பது அரிது. சாற்றில் நெடுநேரம் கொதிக்கவிடுவதே நம்பகமான வழி. பொரித்த அளவில் நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்றையும் ஆசிரியர்கள் என்ற முறையில் சொல்லவேண்டியிருக்கிறது. விடியுமுன் சமைத்த இறைச்சியை மூடிக் கட்டிப் பள்ளிக்கு அனுப்புகிறோம். ஓய்வு வேளையில் பிள்ளை பெட்டியைத் திறக்கும்போது புளித்த வாடை அடிப்பதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். சமைத்த இறைச்சி நம் வெக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கலாகாது. கடும் வெயில் நாளில் ஒரு மணி நேரமே அதிகம். எனவே இது வீட்டில் சுடச்சுட உண்ணும் இராச்சாப்பாடு. மிஞ்சினால் ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பிக் குளிர்ப்பெட்டியில் வைத்து, மறுநாள் கொதிக்கவைத்தே உண்ணவேண்டும்.

பங்காளி ரொட்டியைத் தடித்த துண்டுகளாக வெட்டி, நடுவே பை போலக் கீறி, உள்ளிருக்கும் மென்பகுதியைச் சற்றுத் தோண்டிவிடுங்கள். காய்ந்த தோசைக்கல்லில் வாட்டினால் சாறு விரைவில் ஊறிக் கிழியாது. மூன்று உருண்டைகளை வைத்து, மேலே சாறு ஊற்றி, வெள்ளரிக்காயும் எலுமிச்சை பிழிந்த வெங்காயமும் பக்கத்தில் வைத்துப் பரிமாறுங்கள். தோண்டிய ரொட்டியை எறியவேண்டாம். காயவைத்தால் அடுத்த முறை உருண்டைக்கு ஆகும்.

இறைச்சி உண்ணாத நாளில் வாழைப்பூவையும் கடலைப்பருப்பையும் அரைத்து உருண்டை பிடித்து, இதே சாற்றில் கடைசி ஐந்து நிமிடம் மட்டும் இடலாம். நெடுநேரம் கிடந்தால் கரைந்துவிடும். அன்று ரொட்டியோடு சேர்த்துத் தேநீர் குடிப்பதைத் தவிர்ப்பது நல்லது. காய், பருப்பு, கீரையிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைத் தேயிலையின் துவர்ப்பு குறைக்கிறது. எலுமிச்சையின் புளிப்போ கூட்டுகிறது. இரத்தச் சோகையுள்ள பெண்களும் வளரும் பிள்ளைகளும் உணவு முடிந்து ஒரு மணி நேரம் கழித்துத் தேநீர் அருந்தலாம்.