பழம் நிறம் மாறும் அந்த சில நாட்கள்... பெர்ரி தோட்டங்களை காலி செய்யும் குட்டி ஈ! மருந்து அடிக்க சரியான நேரம் எது?

வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும் ப்ளூபெர்ரி. பிட்டுப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் புழு! அமெரிக்க பெர்ரி விவசாயிகளின் பெரிய தலைவலி இதுதான். ஒரு பெட்டியில் புழு தென்பட்டால், மொத்த லோடும் திரும்பி வந்துவிடலாம். இதற்கு மருந்து இருக்கிறது. ஆனால், அதை எந்த நாளில் அடிப்பது என்பதில்தான் சிக்கலே.

யார் இந்த ஈ?

பெயர் 'ட்ரோசோஃபிலா சுசூகி'. நீளம் வெறும் 2 முதல் 3 மி.மீ. சிவப்புக் கண்கள், ஆண் ஈயின் இறக்கையில் கறுப்புப் புள்ளி. கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த இந்த ஈ, 2008-ல் கலிபோர்னியா ராஸ்பெர்ரி தோட்டங்களில் கண்டறியப்பட்டது. அதே ஆண்டு ஐரோப்பாவிலும் தென்பட்டது.

அழுகிய வாழைப்பழத்தைச் சுற்றி குட்டி ஈ மொய்க்குமே, அதற்கு இது நெருங்கிய சொந்தம். ஆனா ஒரு வித்தியாசம். பெண் ஈயின் முட்டையிடும் உறுப்பு ரம்பம் மாதிரி பல் பல்லாக இருக்கும். அதனால், செடியில் பழுத்துக்கொண்டிருக்கும் நல்ல பழத்தையே கீறி உள்ளே முட்டை வைத்துவிடும்.

மருந்து அடித்தும் புழு ஏன் சாகவில்லை?

மருந்து படிவது பழத்தின் மேல். முட்டையும் புழுவும் இருப்பது பழத்துக்குள்ளே. மருந்தின் முக்கிய குறி, வளர்ந்த ஈ மட்டுமே. ஒரு பெண் ஈ வாழ்நாளில் 300-க்கும் அதிகமான முட்டைகள் இடும். வெப்பநிலை சாதகமாக இருந்தால், முட்டை ஈயாக மாற சுமார் 10 நாட்களே போதும். 'புழுவைப் பார்த்த பிறகு அடிச்சுக்கலாம்' என்று காத்திருந்தால், அந்தப் பழம் ஏற்கெனவே போய்விட்டது என்று அர்த்தம்.

சரி, எப்போ அடிக்கணும்?

இரண்டு விஷயங்களை கவனிக்க வேண்டும்.

1. பொறியில் ஈ விழுகிறதா? ஆப்பிள் வினிகர் அல்லது ஈஸ்ட்-சர்க்கரை கரைசல் ஊற்றிய டப்பாக்களை தோட்டத்தில் தொங்கவிடுவார்கள்.

2. காய் நிறம் மாறுகிறதா? கெட்டியான பச்சைக் காயை ஈ அவ்வளவாகத் தொடாது. நிறம் மாறி, தோல் மென்மையாகும்போதுதான் ஆபத்து தொடங்கும்.

இரண்டும் சேர்ந்தால் முதல் தெளிப்பு. அதன்பின் அறுவடை முடியும் வரை சுமார் வாரம் ஒருமுறை. நடுவில் மழை பெய்து மருந்தைக் கழுவிவிட்டால் மறுபடியும் அடிக்க வேண்டியிருக்கும். நடுப்பகல் வெயிலில் ஈக்கள் செடியின் உள்பக்க நிழலில் ஒதுங்கும். எனவே, மேலோட்டமாக அடித்தால் பலன் இல்லை. உள்கிளைகள் வரை நனைய வேண்டும்.

இதில் என்ன சிக்கல்?

ஈ வரும் நேரமும் பழம் பறிக்கும் நேரமும் ஒன்று. மருந்து அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பது மருந்துக்கு மருந்து மாறும். லேபிளில் இருக்கும் அந்த இடைவெளியை மீறினால், மருந்தோடு பழம் சந்தைக்குப் போய்விடும்.

அடுத்து, தேனீக்கள். ராஸ்பெர்ரியில் ஒரே செடியில் பூவும் இருக்கும், பழமும் இருக்கும். பகலில் அடித்தால் மகரந்தச் சேர்க்கைக்கு வரும் தேனீ சாகும். அதனால், அவை கூடு திரும்பிய பின் மாலையில் தெளிக்கச் சொல்கிறார்கள்.

மூன்றாவது, ஒரே மருந்தையே திரும்பத் திரும்ப அடித்தால் ஈ பழகிவிடும். கலிபோர்னியாவில் இயற்கை விவசாயிகள் அதிகம் நம்பும் ஸ்பினோசாட் மருந்துக்கு இந்த ஈ எதிர்ப்புத்திறன் பெற்றது ஆய்வில் தெரியவந்தது. மருந்து வகையை மாற்றி மாற்றி அடிக்கச் சொல்வது இதனால்தான்.

அடித்த மருந்து வேலை செய்ததா?

கண்டுபிடிக்க உப்புத் தண்ணீர் போதும். பறித்த பழங்களை லேசாக நசுக்கி உப்புக் கரைசலில் போட்டால், புழு இருந்தால் கொஞ்ச நேரத்தில் வெளியே வந்துவிடும். வந்தால், தெளிப்பில் எங்கேயோ இடைவெளி விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

நம்ம ஊர் மாம்பழ ஈயும் இதுவும் ஒன்றா?

இல்லை. மாம்பழத்தைத் தாக்குவது 'பாக்ட்ரோசெரா' வகை. வேறு குடும்பம். அதன் ஆண் ஈக்களை 'மெத்தில் யூஜினால்' பொறி வைத்து இழுத்துவிடலாம். பெர்ரி ஈக்கு அவ்வளவு வலுவான கவர்ச்சிப் பொருள் இல்லை. வினிகர் பொறி ஈ வந்ததைச் சொல்லுமே தவிர, கூட்டத்தை ஒழிக்காது.

மருந்து மட்டும் போதுமா?

போதாது. பழுத்ததை விட்டுவைக்காமல் அடிக்கடி பறிப்பது, கீழே விழுந்த பழங்களை அகற்றுவது, கிளைகளை கழித்து காற்றோட்டம் தருவது, 1 மி.மீ-க்கும் குறைவான கண்ணுள்ள வலை கட்டுவது, பறித்தவுடன் குளிரூட்டுவது என எல்லாம் சேர வேண்டும். இந்த ஈயின் புழுவை அழிக்கும் ஆசிய ஒட்டுண்ணிக் குளவியையும் அமெரிக்கா இப்போது களமிறக்கியுள்ளது. ஆனாலும், பழம் நிறம் மாறத் தொடங்கும் வாரத்தில் தோட்டத்தை தினமும் சுற்றிப் பார்க்கும் வேலை மட்டும் விவசாயிக்குக் குறையப் போவதில்லை.